கல்யாணக் காரில் முறிந்த பிளக்

காரின் ஸ்பார்க் பிளக் முறிந்த சத்தத்தை நான் பட்டு வேட்டியோடு வீதியோரத்தில் நின்று கேட்டேன். ‘டக்’ என்று சின்னச் சத்தம்தான். கராஜில் வேலை செய்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஸ்பேனர் திடீரென்று லேசாகிவிடும். பிளக்கின் மேல்பாதி கையோடு வரும். கீழ்ப்பாதி எஞ்சின் ஹெட்டுக்குள்ளேயே இருந்துவிடும்.

அன்றைக்கு எனக்குக் கல்யாணம்.

1. வண்டி நின்ற இடம்

அப்போது நான் புளியந்தீவில் ஒரு கராஜில் எஞ்சின் வேலை செய்துகொண்டிருந்தேன். யுத்த காலம். பெற்றோல் கிடைப்பது பெரும்பாடு. எங்களிடம் வந்த கார்களில் பாதி, மாதக்கணக்காக மரத்தின் கீழ் நின்று வாவிக் காற்றில் துருப்பிடித்தவை. மறுபாதி, மண்ணெண்ணெய் கலந்து ஓடிக் கரி பிடித்தவை. இரண்டு வகையிலும் பிளக் ஹெட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதைக் கழற்றுவதுதான் எங்களுக்கு அன்றாட வேலை.

பெண் வீடு வெல்லாவெளிப் பக்கம், வாவிக்கு மறுகரையில். இயக்கப் போராளிகளின் கையில் இருந்த அந்தக் கரைக்குக் கல்யாணக் கார் கொண்டுவர அந்த நாட்களில் பலரும் தயங்கினார்கள். காத்தான்குடியில் வாடகைக் கார் ஓட்டிய ஹனீபா காக்கா மட்டும் தயங்கவில்லை. முஸ்லிம்களில் அண்ணன் முறையானவரைக் காக்கா என்போம். அவருடைய பழைய ஒஸ்ரின் கார் எங்கள் கராஜின் நிரந்தர நோயாளி.

“என்ட காரை எத்தின தரம் எழுப்பித் தந்திருக்காய். உன்ட கல்யாணத்துக்கு நான் வராம வேற ஆரு மனே வாற?” என்றார்.

காலையிலேயே புறப்பட்டோம். காக்கா, நான், என் அக்கா, பின் சீற்றில் பலகாரமும் பெண்ணுக்கான சாமான்களும் வைத்த தட்டுகள். ஆமிக்காரர் சோதிக்கும் சென்றிப் பொயின்ற்றுகளில் இறங்கி, நடந்து, மறுபடி ஏறினோம். பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவைத் தட்டில் காரை ஏற்றி வாவியைக் கடந்தோம். மறுகரையில் வயல் நடுவே சிறிது தூரம் போனதும் எஞ்சின் மிஸ் அடிக்கத் தொடங்கியது. ஒரு மேட்டில் ஏற மாட்டாமல் நின்றே விட்டது.

நான் பொனெற்றைத் திறக்கப் போனேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தொடாத! மாப்பிள கரியப் பூசிக்கிட்டா போற? காக்கா பாப்பாரு.”

வீட்டில், கருவிகள் வைத்த என் சாமான் பெட்டியை டிக்கியில் வைக்க விடாமல் தடுத்தவளும் அவள்தான். காக்கா பாவம், எனக்கு வேலை வைக்கக் கூடாதென்று அவசரப்பட்டார். பிளக் ஸ்பேனருக்கு நீளமான பைப் ஒன்றைப் போட்டு ஒரே அமத்தாக அமத்தினார். அப்போதுதான் அந்த ‘டக்’.

“அல்லாஹ்வே!” என்று கையிலிருந்த துண்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “முறிஞ்சி போச்சி மனே.”

மூன்று சிலிண்டரில் மெல்ல ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். பிளக்கின் பீங்கான் உள்ளே வெடித்திருந்தது. ஒரு துண்டு சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டன் கீறி எஞ்சினே போய்விடும். அந்த எஞ்சின் ஓடினால்தான் அவருடைய வீட்டு அடுப்பு எரியும்.

சைக்கிளில் வந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, நாங்கள் கேட்காமலே செய்தியைப் பெண் வீட்டுக்குக் கொண்டு போனார்.

2. டிராக்டரில் வந்தவள்

கொஞ்ச நேரத்தில் வயல் வீதியில் புழுதி கிளம்பியது. பெண்ணின் அண்ணன் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் இழுபட்டு வந்த பெட்டியில், தலை நிறையப் பூவோடு, பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நின்றாள். மணப்பெண் இந்திராணி.

“வேணாமெண்டு எல்லாரும் சொன்னவங்க. கேக்கல்ல. ஏறிட்டாள்,” என்றார் அண்ணன் வெட்கத்தோடு. “சரி மச்சான், நீங்களும் ஏறுங்க. நேரமிருக்கு, முகூர்த்தத்துக்குப் போயிரலாம். கார் இஞ்ச கிடக்கட்டும்.”

“ஓம் தம்பி, நீ போ. நான் பாத்துக்கிறன்,” என்றார் காக்கா.

சொல்லிவிட்டு அவர் வாவிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். இருட்ட முன்னமே மிதவைப் பாதை நின்றுவிடும். கார் எழும்பாவிட்டால் அவர் இரவை இந்தக் கரையில் கழிக்க வேண்டும். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே பகை மூண்டிருந்த அந்தக் காலத்தில் காத்தான்குடி ஆள் ஒருவர் தனியாக அங்கே இரவில் நிற்பது நல்லதல்ல. அது எல்லோருக்கும் தெரியும்.

ஒரு பக்கம் முகூர்த்தம். மறுபக்கம் என்னை நம்பி வந்த மனிதர்.

“இதக் கழட்டிப்போட்டுத்தான் நான் வாறன்,” என்றேன்.

“விசராடா உனக்கு?” என்று அக்கா அழத் தொடங்கினாள்.

இந்திராணி டிராக்டர் பெட்டியிலிருந்து குதித்து இறங்கி என் முன்னால் வந்து நின்றாள்.

“எவ்வளவு நேரம் எடுக்கும்?”

அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“தெரியாது. ஒரு மணித்தியாலமும் எடுக்கும், மூண்டும் எடுக்கும்.”

“கழருமா?”

“கழரும்.”

“அப்ப என்ன வேணும்? சொல்லுங்க.”

அண்ணன் டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கினார்.

3. வேலை

காக்கா டிக்கியிலிருந்து தன் பழைய சாரனை உடுக்கத் தந்தார். பட்டு வேட்டியை மடித்து அக்காவிடம் கொடுத்தேன். அவள் அழுதுகொண்டே வாங்கிக்கொண்டாள்.

முதலில் பிளக்கைச் சுற்றியிருந்த மண்ணைத் துடைத்தெடுத்தேன். பிறகு காக்காவின் குறட்டால் பீங்கானைப் பிடித்து, ஆட்டாமல் நேராக இழுத்தேன். நல்ல காலம், முழுதாக வந்தது. உள்ளே மரையோடு ஒரு இரும்பு வளையம் மட்டும் மிஞ்சியது. அதைத்தான் கழற்ற வேண்டும்.

துவாரம் எஞ்சினின் பக்கவாட்டில், நிழலில் இருந்தது. ஒன்றும் தெரியவில்லை. இந்திராணி எங்கள் தட்டுகளைப் பார்த்தாள். அவளுக்கென்று அக்கா வாங்கிவைத்த சீப்பு, பவுடர், முகம் பார்க்கிற கண்ணாடி. கண்ணாடியை எடுத்து வெயிலைப் பிடித்துத் துவாரத்துக்குள் அடித்தாள். ரோர்ச் லைற்றும் தோற்றுவிடும், அவ்வளவு வெளிச்சம்.

“இது பொண்ணுக்குக் குடுக்கக் கொண்டு வந்தது!” என்றாள் அக்கா.

“பொண்ணுதானே மாமி பிடிச்சிருக்கன்,” என்றாள் அவள். மச்சாள் என்று கூப்பிட வேண்டிய அக்காவை முறை தெரியாமல் மாமி ஆக்கிவிட்டாள். அக்காவுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

டிராக்டரில் இருந்த மண்ணெண்ணெயில் கொஞ்சம் பிறேக் ஒயில் கலந்து மரையில் ஊற்றினேன். எஞ்சின் இன்னும் சூடாக இருந்ததால் லேசாகப் புகைந்தது. இனி ஊற வேண்டும். இந்த இடத்தில்தான் எல்லோரும் தவறு செய்வார்கள்.

“இப்ப அடிச்சிப் பாப்பமா?” என்றார் காக்கா.

“பொறுங்க காக்கா.”

“இப்ப?”

“பொறுங்க.”

காத்திருந்த நேரத்தில் இந்திராணி மெல்லக் கேட்டாள். “பொண்ணு பாக்க வந்தண்டு ஏன் ஒண்டும் கதைக்கல்ல?”

“உங்கட மாமா எல்லாத்தையும் கதைச்சிட்டாரு. எனக்கு ஒண்டும் மிச்சமில்ல.”

அவள் சிரித்தாள். “போகக்குள்ள எங்கட தண்ணி மெசின்ட சத்தத்தக் கேட்டு நிண்டீங்களே. அதுக்கு என்ன வருத்தம்?”

“பிஸ்டன் ரிங் தேஞ்சிட்டு. புகை நீலமா வந்திச்சி.”

“நானும் அண்ணனுக்கு அதத்தான் சொன்னன். அவர் நம்பல்ல. நீங்க நிண்டு கேட்டதப் பாத்துத்தான் நான் கல்யாணத்துக்கு ஓமெண்டன்.”

நான் கராஜைப் பற்றிச் சொன்னேன். அவள் தங்கள் வயல் வட்டையில் அந்த முறை விளைந்த நெல்லைப் பற்றிச் சொன்னாள். என்ன சொன்னாள் என்று இப்போது முழுதாக ஞாபகமில்லை. கண்ணாடி வெளிச்சம் அவள் கையோடு சேர்ந்து ஆடியது மட்டும் ஞாபகம்.

அரிவாள் தீட்டும் அரம் ஒன்றும் சுத்தியலும் டிராக்டரில் இருந்தன. அரத்தின் உடல் கண்ணாடி மாதிரி உடையும். பிடிக்குள் செருகும் வால் பகுதி அப்படியல்ல, அது மெத்தென்ற இரும்பு, நுனி கூராகப் போகும். வாலில் கிறீஸ் பூசி, வளையத்துக்குள் வைத்து, சுத்தியலால் மெல்லத் தட்டி இறுக்கினேன். தூள் விழுந்தால் கிறீஸ் பிடித்துக்கொள்ளும். ஸ்பேனரால் வாலைப் பிடித்துத் திருப்பினேன். அசையவில்லை.

“இன்னும் அமத்து!” என்றார் காக்கா.

அமத்தவில்லை. மறுபடி எண்ணெய் ஊற்றினேன். சுற்றிலும் மெதுவாகத் தட்டினேன். மறுபடி காத்திருந்தோம். அடுத்த முறை, கழற்றும் பக்கம் போகாமல், இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அசைத்தேன். பிறகு எதிர்ப்பக்கம். பிறகு மறுபடி.

“கிறுகுது!” என்று கத்தினாள் இந்திராணி. “கிறுகுது! சுத்துது! நான் கண்டன்!”

கால் சுற்று. பிறகு அரைச் சுற்று. இறுகினால் பின்னுக்கு வந்து, எண்ணெய் விட்டு, மறுபடி. கடைசியில் வளையம் அரத்தின் வாலோடு என் கைக்கு வந்தது. காக்கா அதை வாங்கி முத்தமிட்டார். உதட்டில் கரி.

உள்ளே தூள் நின்றால் ஆபத்து. இக்னிசனை நிறுத்திவிட்டு, முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுழற்ற வேண்டும். காற்று எல்லாவற்றையும் வெளியே ஊதிவிடும். காக்கா ஹேண்டிலை எடுக்க முன்னமே இந்திராணி வாங்கிவிட்டாள்.

“தண்ணி மெசின் நாந்தான் எழுப்புறது,” என்றாள். சேலையைச் செருகிக்கொண்டு சுற்றினாள். ‘புஸ்... புஸ்...’ என்று கரித்தூள் பறந்தது. ஒரு பூச்சரம் அவிழ்ந்து ரேடியேட்டரில் விழுந்தது.

காக்காவிடம் பழைய பிளக் ஒன்று இருந்தது. மரையில் கொஞ்சம் கிறீஸ் தடவி, விரலால் மட்டும் திருகி ஏற்றி, கடைசியில் ஸ்பேனரால் அளவாக இறுக்கினேன். ஸ்ராற் பண்ணினதும் நாலு சிலிண்டரும் ஒரே சத்தத்தில் ஓடின.

முகூர்த்தம் போய்விட்டிருந்தது. ஆனால் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே காரில், கையெல்லாம் கரியோடு வந்து இறங்கியதைப் பார்த்துக் கோபப்பட வந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, பின்னேரத்துக்குள் இன்னொரு நல்ல நேரம் கண்டுபிடித்தார். எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் மண்ணெண்ணெய் மணம் போகாத கையால்தான் தாலி கட்டினேன்.

காக்கா அதைப் பார்த்துவிட்டு, சோறும் பாயாசமும் தின்று, கடைசிப் பாதையைப் பிடித்தார். அவர் வீடு போய்ச் சேர்ந்த செய்தி மறுநாள் பாதைக்காரர் வாயால் வந்தது. அந்தக் கார் அதன் பிறகும் பல வருடம் ஓடியது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கழலாத பிளக்கோடு பலப்பரீட்சை வேண்டாம். எண்ணெய் விடுங்கள். ஊற விடுங்கள். அடம்பிடித்தால் ஒரு இழை பின்னுக்குப் போங்கள். ஊறுகிற நேரம் வீணென்று நினைக்காதீர்கள், பக்கத்தில் நிற்பவரோடு கதையுங்கள். கல்யாணத்துக்கு முன் நானும் இந்திராணியும் கதைத்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.