புதன்கிழமை மீன் குழம்பு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எட்டாவது வரை படித்தவள், நாலு பேர் எதிரில் பேசவே கூச்சப்படுகிறவள்... வாரா வாரம் இந்த இடத்தை அடைத்துக்கொண்டு என் வீட்டு அடுப்பைப் பற்றி எழுதுகிறேன். நீங்களும் பொறுத்துக்கொண்டு படிக்கிறீர்கள்.

போன புதன்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். வாசலில் என் வீட்டுக்காரர். லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் இரண்டு தடவை முகம் பார்த்தால் அதிகம். அதியமான்கோட்டை ரோட்டோரம் லாரியை நிறுத்திவிட்டு, தேக்கிலைப் பொட்டலத்துடன் நின்றார். கிருஷ்ணகிரி டேம் கெண்டை.

"ஒரு மணி நேரந்தான் புள்ள. லோடு ராத்திரிக்கே சேலம் போவணும். ஆவுமா?"

ஆகாதா? அவரோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும் — எத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்!

மீனைச் சாம்பல் போட்டுக் கல்லில் உரசினேன். புளி ஊறுவதற்குள் மிளகாய், மல்லி, சின்ன வெங்காயம் அம்மியில் ஏறின. பக்கத்து வீட்டு நூர்ஜகான் சுவருக்கு அந்தப்புறமிருந்து குரல் கொடுத்தாள்.

"அம்மி ஓடுற ஓட்டத்தப் பாத்தா அண்ணன் வந்துட்டாராட்டம் இருக்குது?"

"வாய மூடுடி."

"நான் மூடிக்கறேங்க்கா. நீங்க கொளம்புச் சட்டிய மூடுங்க, வாசன இங்க ஆள இழுக்குது."

குழம்பு கொதித்து இறங்கியது. சோறு வடித்திருக்கலாம். ஆனால் மீன் குழம்பென்றால் அவருக்குக் கேழ்வரகுக் களிதான் வேண்டும். ஓட்டலில் கிடைக்காதே என்று களிக்கு உலை வைத்தேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

களி செய்கிறவர்களுக்குத் தெரியும் — கிளற ஆரம்பித்தால் கையை எடுக்க முடியாது. வெந்ததும் சூட்டோடு உருட்டாவிட்டால் இறுகிப் போகும். முதல் உருண்டையை அவர் தட்டில் வைத்து, குழம்பை ஊற்றிவிட்டு, மறுபடி அடுப்புப் பக்கம் திரும்பினேன்.

"நீயும் ஒக்காரு புள்ள. சேந்து தின்னு எத்தினி நாளாச்சு."

"இருங்க, இத உருட்டிட்டு வந்தர்றேன்."

என் முதுகைப் பார்த்துப் பேசிக்கொண்டே சாப்பிட்டார். ஓசூர்ப் பக்கம் மழையாம். கண் எரிகிறதாம். நான் "உம்" கொட்டினேன். கடைசி உருண்டையை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பினால்... அவர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"கொளம்பு நல்லாருந்துச்சு. வரட்டா?"

சொல்ல எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். 

"பாத்துப் போங்க" என்றேன்.

நமக்கெல்லாம் ஓடி ஓடி ஆக்கிப்போடத் தெரிகிறது. பக்கத்தில் உட்காரத்தான் ஏன் தெரியவில்லை?

மறுநாள் மீதிக் குழம்பைச் சூடு பண்ணி, சோறு வடித்துச் சாப்பிட்டேன்.