எதையும் தின்பவர்கள் நடுவே எல்சி

தீகுல் ஊரில் போட்ட சாப்பாட்டை மறுப்பதும் வீட்டுக்காரரின் கன்னத்தில் அறைவதும் ஒன்றுதான். எல்சி கனுல் சின்ன வயதிலிருந்தே அந்த ஊரைக் கன்னம் கன்னமாக அறைந்துகொண்டிருந்தாள்.

அவள் நாக்கு அப்படி. கொத்தமல்லித் தழை அவளுக்குத் துணிசோப்பு. பீன்ஸ் சட்டியில் ஊரே கிள்ளிப் போடும் எபசோத்தே கீரை அவளுக்கு மண்ணெண்ணெய். வதங்கிய வெங்காயம் பல்லில் வழுக்கினால் உடம்பே கூசும். வெறும் தண்ணீரில் வடித்த சோறு, ஓரம் முறுகிய முட்டை, அவித்த உருளைக்கிழங்கு, மேல்தோல் மொறுமொறுக்கும் ரொட்டி, இன்னும் பச்சை மாறாத வாழைப்பழம். இவ்வளவுதான் அவள் உலகம். இதிலும் முட்டையில் ஒரு மாதிரி வாடை அடித்தால் சோற்றோடு நிறுத்திக்கொள்வாள்.

பசித்தால் தானாகச் சாப்பிடுவாள் என்று ஒரு மருத்துவர் சொன்னதைக் கேட்டு, பீன்ஸ் தட்டைத் தவிர எதுவும் கொடுக்கக் கூடாதென்று அவள் அப்பா வீட்டில் உத்தரவு போட்டார். மறுநாள் பள்ளியில் எல்சி மயங்கி விழுந்தாள். தூக்கிவந்து கிடத்தினார்கள். அப்போதும் அந்தத் தட்டைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்பாதான் முதலில் பயந்தார். இவர்கள் தன் பசிக்காகக் கவலைப்படவில்லை, தங்கள் தட்டு தோற்றுப்போனதற்காகத்தான் பொருமுகிறார்கள் என்று அவளுக்கு அன்றே புரிந்துவிட்டது. அதன்பிறகு சாப்பாட்டைப் பற்றி யார் புத்தி சொன்னாலும் அவர்களுடைய வாயைத்தான் பார்ப்பாள். உதட்டோரம் வழியும் கொழுப்பு, பல்லிடுக்கில் தொங்கும் இறைச்சி நார். குப்பைத்தொட்டிகூட மூடியோடு இருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

வளர்ந்ததும் செருப்புப் பட்டறையில் மேல்தோல் தைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே அடிப்பாகம் வெட்டுபவன் வில்பெர்த். நல்ல உடம்புக்காரன், அதிகம் பேசமாட்டான். மதியம் எல்லோரும் அவள் டப்பாவை எட்டிப் பார்த்து ஏதாவது சொல்லும்போது அவன் மட்டும் ஒன்றும் சொல்லமாட்டான். அதைப் பெருந்தன்மை என்று நினைத்து அவனைக் கட்டிக்கொண்டாள். அவன் தன் தட்டைத் தவிர வேறு எதையுமே நிமிர்ந்து பார்க்காதவன் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

வில்பெர்த்தின் அம்மா நிதெல்வியா வீட்டு முன்கூடத்தில் மெஸ் நடத்திவந்தாள். பட்டறை ஆட்கள் தூக்குவாளியோடு வந்து வரிசையில் நிற்பார்கள். திங்கட்கிழமை பீன்ஸும் பன்றிக்கறியும், வியாழன் வான்கோழி. மிளகாயைக் கரியாகும்வரை எரித்து அரைத்த கருங்குழம்புதான் அவள் பேர்சொல்லும் சமையல். "நிதெல்வியாம்மா கைப்பட்டா கல்லும் கரையும்" என்று அடுத்த தெருவரை பேச்சு. இப்பேர்ப்பட்டவள் வீட்டுக்கு மருமகளாக வந்தவள் அந்தக் குழம்பைக் கண்டாலே மூக்கைப் பொத்தினாள்.

"நாள் பூரா செருப்புப் பசைய மோந்துகிட்டு உக்காந்திருக்க. அது நாறல. என் கீரை நாறுதா உனக்கு?" என்றாள் நிதெல்வியா, வந்த முதல் வாரமே.

"பசைய யாரும் வாயில வெக்கச் சொல்லலையே அத்தை" என்றாள் எல்சி.

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஆகவில்லை.

அவளுடைய மூத்த மகன் கஸ்பர் இன்னும் மோசம். நகராட்சியில் ஏதோ வேலை, முக்கால்வாசி நேரம் அம்மாவின் அடுப்படியில்தான் இருப்பான். எதையும் தின்பேன் என்பதே அவனுக்கு ஒரு பட்டம். எல்லோருக்கும் தெரியும்படி அபனேரோ மிளகாயைப் பச்சையாகக் கடிப்பான், கண்ணில் தண்ணீர் வழிய "இதெல்லாம் ஒரு காரமா?" என்பான். எல்சியைக் கண்டால் போதும், "என்ன தங்கச்சி, இன்னைக்குச் சோத்துக்குச் சோறே தொட்டுக்கிறியா?" என்று ஆரம்பித்துவிடுவான். அவன் பேசும்போது எச்சில் தெறிக்கும். எல்சி ஒரு எட்டு பின்னால் நகர்வாள். அந்த ஒரு எட்டு அவனுக்கு எந்த வசவையும்விட அதிகமாகச் சுடும்.

கஸ்பரின் பிள்ளைக்கு ஞானஸ்நான விருந்து நடந்தபோது, நிதெல்வியா அவளுக்கென்று தனியாக ஒரு தட்டுச் சோறு கொண்டுவந்து வைத்தாள்.

"உனக்குன்னே வடிச்சேன். வெறும் தண்ணி, உப்பு. சாப்பிடு."

எல்சிக்குக் கொஞ்சம் மனம் இளகியது. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. ஒரு கரண்டி வாயில் போட்டதுமே தெரிந்துவிட்டது, பன்றிக்கால் வேகவைத்த தண்ணீரில் வடித்த சோறு. விழுங்கவும் முடியாமல் துப்பவும் இடமில்லாமல் திணறி, புது மேசைவிரிப்பின்மேலேயே வாந்தி எடுத்தாள். கஸ்பர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "நெசமாவே கண்டுபுடிச்சிட்டாடா" என்று யாரோ சொன்னார்கள். நிதெல்வியா, "நடிப்புன்னுதான் நெனச்சேன்" என்று முணுமுணுத்தாள். மன்னிப்பென்று அதைச் சொல்ல முடியாது. வில்பெர்த் தன் தட்டை மட்டும் தூக்கி, தெறிக்காத பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டான்.

வாயைத் துடைத்துக்கொண்டு எல்சி அந்த மேசையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். ஒரு பெண்ணுக்குக் குமட்டுமா குமட்டாதா என்று பார்க்க இத்தனை பெரியவர்கள் கூடியிருக்கிறார்கள். கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கு எதிரே மனிதர்கள் இருக்க வேண்டும். மறுநாளே ஒரு சின்ன அடுப்பும் இரண்டு சட்டியும் வாங்கிவந்து, பின்கட்டு அறையில் தனியாகச் சமைக்கத் தொடங்கினாள். அதன்பிறகு மாமியாரோடு பேச்சு, கதவைத் திற, கதவை மூடு என்ற அளவோடு சரி.

அப்படியே சில வருடம் போயிற்று. ஒரு மழைக்காலத்தில் ஊரெல்லாம் காய்ச்சல் வந்தது. நிதெல்வியாவும் படுத்தாள், எழுந்தாள், மெஸ்ஸைத் திறந்தாள். மறுபடி பின்கட்டுக்கு வாசனைகள் வந்தன. ஆனால் எல்சிக்குப் பழகிய வாசனைகள் இல்லை. பிடிக்காத வாசனையைப் போல் மனிதருக்கு நுணுக்கமாகத் தெரிவது வேறில்லை. அந்தக் குழம்பில் எது எந்த நேரத்தில் விழும் என்று மூக்காலேயே அறிந்திருந்தவள் அவள். இப்போது கிராம்பு முந்திக்கொண்டு வந்தது. பீன்ஸ் அடிப்பிடித்த நாற்றம் ஜன்னல்வழியே வந்து நெடுநேரம் நின்றது. எட்டிப் பார்த்தால் நிதெல்வியா அதே சட்டிக்குப் பக்கத்தில் நின்று நிதானமாகச் சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

வாசலில் தூக்குவாளிகள் குறைந்தன. ஒருத்தனுக்கு வயிறு சரியில்லை, ஒருத்தன் மனைவி இப்போது தானே சமைக்கிறாளாம். மகன்களோ எப்போதும்போல் வந்து உட்கார்ந்து, எப்போதும்போல் தின்று, "அம்மா கை அம்மா கைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பமாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். பேருக்கு எல்சியும் ஒரு ஓரத்தில் தன் ரொட்டியோடு இருந்தாள். கருங்குழம்பு வந்தது. அவளுக்கு முன்னால் வைத்த கிண்ணத்திலிருந்து எழுந்த ஆவியில் பன்றிக்கொழுப்பு காறிப்போன வாடை. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள விரல்நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். உடனே கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"கொழுப்பு காறிப்போச்சு. உப்பும் ரெண்டு தடவ விழுந்திருக்கு" என்றாள்.

கஸ்பர்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"பச்சத்தண்ணிக்கே மூஞ்சியச் சுளிக்கிறவ நீ. எங்கம்மா சமையலுக்கு நீ மார்க் போடுறியா?"

"உனக்கு எப்படியிருக்கு, சொல்லு."

"தேனா இருக்கு." சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டான். அவன் நெற்றி வியர்த்தது.

"வில்பெர்த், நீ சொல்லு."

வில்பெர்த் குனிந்தபடியே, "நல்லாத்தான் இருக்கு" என்றான். சொன்ன கையோடு தண்ணீர்க் குவளையை எடுத்து ஒரே மூச்சில் காலி செய்தான்.

இதுதான் இவர்களுடைய வாய், என்று எல்சி நினைத்தாள். தெரியாமல் தின்பவன் பாதி, தெரிந்தும் சொல்லப் பயந்து தின்பவன் பாதி. இவர்களா இத்தனை வருடம் தன் தட்டைப் பார்த்துச் சிரித்தவர்கள்? எழுந்து போய்விட்டாள். பின்னால் கஸ்பர் ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தது கேட்டது. நிதெல்வியா சிரித்த சத்தம் அதில் இல்லை.

மறுநாள் காலை எல்சி பட்டறைக்குக் கிளம்பும்போது நிதெல்வியா கையில் கரண்டியோடு பின்கட்டு வாசலில் நின்றாள். இத்தனை வருடத்தில் அவள் அந்த வாசலுக்கு வந்ததில்லை.

"வாயத் தொற."

"எதுக்கு?"

கிழவி அக்கம்பக்கம் பார்த்தாள். "எனக்கு நாக்கு செத்துப்போச்சு. மூக்கும்தான். காய்ச்சல் விட்டதுலேருந்து காப்பியும் வெந்நீரும் ஒண்ணாத்தான் இருக்கு. கைப்பழக்கத்துல போட்டுக்கிட்டிருந்தேன். போட்டேனா இல்லையான்னே இப்பல்லாம் மறந்துபோகுது."

"உங்க புள்ளைங்கள ருசி பாக்கச் சொல்லுங்க. நல்லா சாப்பிடுறவங்க."

"அவனுங்களா?" நிதெல்வியாவின் உதடு கோணியது. "செருப்புத்தோல அவிச்சு வெச்சாலும் தேனா இருக்கும்பானுங்க. அந்தக் குழம்ப நேத்து மூணு தட்டுத் தின்னுட்டு ராத்திரி பூரா கக்கூஸ்லயே கெடந்தானாம் கஸ்பரு. காலையில வந்து, அம்மா பிரமாதம்ங்கிறான். மாட்டுக்காவது இது வைக்கோல்னு தெரியும்."

அந்த இரண்டு பெண்களும் ஒரே விஷயத்தை ஒரே அளவு இகழ்ந்தது அதுதான் முதல் தடவை. அதில் பாசம் ஒன்றும் இல்லை. ஆனால் பேச்சுக்கு அது போதுமானதாக இருந்தது.

எல்சி கரண்டியைப் பார்த்தாள். பீன்ஸ் சாறு, எபசோத்தே மிதந்தது. விருந்தில் தட்டைக் கொண்டுவந்து வைத்த அதே கை. முடியாது என்று சொன்னால் மெஸ் சில மாதத்தில் தானாகப் படுத்துவிடும். அந்த நாற்றத்திலிருந்து விடுதலை. ஆனால் அடிப்பிடித்த பீன்ஸின் நாற்றம் ஒழுங்காக வெந்த பீன்ஸின் நாற்றத்தைவிடக் கொடுமை. அதோடு, கஸ்பர் தேனாக இருக்கிறது என்று சொன்ன ஒன்றைத் தன் வாயால் நாசம் என்று சொல்வதில் ஒரு சுகமும் இருந்தது.

"எனக்கு ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்குச் சோத்துல பன்னிக்கால் தண்ணி எதுக்கு ஊத்துனீங்க?"

"நீ பொய் சொல்றேன்னு நெனச்சேன்."

"இப்ப?"

"இப்ப என்ன. பொய் சொல்றவ உடம்பு அப்படி உதறாது." கிழவி கரண்டியை நீட்டினாள். "ஆறுது. பாரு."

எல்சி நாக்கின் நுனியை மட்டும் வைத்தாள். குமட்டிக்கொண்டு வந்தது. தொட்டிக்கு ஓடித் துப்பி, வாயைக் கொப்பளித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உப்பே போடல" என்றாள்.

அன்று முதல் அதுவே வழக்கமாயிற்று. காலையில் வாய் கழுவுமுன்னே பீன்ஸ், பட்டறையிலிருந்து மதியம் ஓடிவந்து குழம்பு. ஒவ்வொரு முறையும் முகம் சுளித்து, துப்பி, நாரத்தைச் சாறு இன்னும் கொஞ்சம், கிராம்பைக் குறை, கொழுப்பை மாற்று என்று சொல்வாள். "எழவு விழுந்த வீட்டுக்காரி மாதிரி மூஞ்சிய வெச்சிக்காத, சொல்லிட்டுப் போ" என்பாள் கிழவி. "நீங்க சமைக்கிறத வாயில வெச்சா வேற எப்படி இருக்கும்?" என்பாள் எல்சி. தன் சட்டியை யாரும் தொடக் கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "அதுல கெடக்கிறத நாய்கூட மோந்து பாக்காது, யாரு தொடப்போறா" என்று நிதெல்வியா ஒப்புக்கொண்டாள்.

தூக்குவாளிகள் திரும்பி வந்தன. கஸ்பர் மார்தட்டிக்கொண்டான். "நான்தான் சொன்னேனே, அம்மா கைக்கு ஒண்ணும் ஆகலன்னு. எல்லாம் இவ கெளப்பிவிட்ட புரளி." நிதெல்வியா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். உண்மையைச் சொல்வாள் என்று எல்சி ஒரு கணம் எதிர்பார்த்தாள். "தட்டக் கழுவி வெச்சிட்டுப் போடா" என்று மட்டும் சொன்னாள் கிழவி. எல்சியும் வற்புறுத்தவில்லை. இவனிடம் பாராட்டு வாங்குவதைவிடப் புரளிக்காரியாகவே இருந்துவிடலாம்.

சாகும்வரை நிதெல்வியாவுக்கு ருசி திரும்பவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களுக்கு நடுவே நின்று கஸ்பர் அம்மாவின் கைமணத்தைப் பற்றி அழுதுகொண்டே பேசினான். அம்மாவின் பேர் சொல்ல மெஸ் தொடர்ந்து நடக்கும், தன் மனைவி சமைப்பாள் என்றான். பிறகு எல்சியைத் தனியே கூப்பிட்டு, "நீ மட்டும் அடுப்படிப் பக்கம் வராத, தங்கச்சி. உன் மூஞ்சியப் பாத்தா வர்றவனுக்குப் பசி போயிடும்" என்றான்.

"சரி" என்றாள் எல்சி.

அவ்வளவுதான் சொன்னாள். கஸ்பரின் மனைவி நல்லவள்தான், உழைப்பாளி. கணவன் எது கொடுத்தாலும் தேன் என்பதால் தன் சமையல் எப்படி இருக்கிறது என்று அவளுக்கு யாருமே சொன்னதில்லை. மூன்றாவது வாரமே வரிசை மெலிந்தது. இந்தக் காலத்து ஆட்களுக்கு நாக்கே இல்லை என்று கஸ்பர் வாசலில் நின்று திட்டினான்.

ஒரு திங்கட்கிழமை எல்சி பின்கட்டில் உட்கார்ந்து செருப்பின் மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தாள். வலைத்தூளியில் படுத்திருந்த வில்பெர்த் தலையைத் தூக்கி மூக்கை உறிஞ்சினான்.

"ஏதோ கருகுற மாதிரி இல்ல?"

"உனக்கே தெரிஞ்சிடுச்சா?" என்றாள் எல்சி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அப்ப சட்டியே போயிருக்கும்."