எதிர்க்கடையில் நின்ற கார்

மெக்கானிக் லிங்கேஷ் பன்னிரண்டு வருஷமாகப் பார்த்துவந்த மகாராஜனின் டாக்ஸி, இன்று சாலைக்கு எதிர்ப்புறம் ஆஷிக் அலியின் புது ஒர்க்‌ஷாப்பில் நின்றது. லிங்கேஷுக்கு வயிறு எரிந்தது. போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள், உப்பு அடைக்கும் என்று சங்கரன்கோவில் டிரைவர்களிடம் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியவன் அவன்.

ஆஷிக் கையில், இன்ஜின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட், பச்சை நிறக் கேன் இருந்தது. போன வருஷம் லிங்கேஷ் அந்தக் காரில் ஊற்றியதோ வேறு வகை, சிவப்பு. இரண்டும் கலந்தால் கட்டிதட்டிப் போகும். அடுத்த ஊரான கரிவலம் தாண்டுவதற்குள் இன்ஜின் கொதித்துவிடும். மகாராஜன் தானாகத் திரும்பி வருவார். லிங்கேஷ் வாயைத் திறக்கவில்லை.

ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்த ஆஷிக், இங்கே திரும்பிச் சத்தமாகக் கேட்டான்.

"அண்ணாச்சி, நிறம் மங்கிக் கெடக்கு. நீங்க எந்த வகை ஊத்துனீங்க?"

"வண்டிக்காரர்ட்டயே கேளும்வே. அவருக்குத்தான் ஒம்ம கை பிடிச்சிருக்கே!"

"அவருக்குத் தெரியலையாம். எனக்கும் தெரியல. தப்பா ஊத்திரக் கூடாதுல்லா?"

லிங்கேஷ் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"சிவப்பு. பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர். டப்பா இங்கன இருக்கு, வந்து பாரும்."

ஆஷிக் பச்சைக் கேனை ஓரமாக வைத்தான். வண்டிக்காரர் முன்னால் தெரியாது என்று லிங்கேஷ் ஒருநாளும் சொன்னதில்லை. ஆஷிக் அப்படிச் சொன்னதைக் கேட்ட பிறகும் மகாராஜன் அங்கேயே நிம்மதியாக உட்கார்ந்திருந்ததுதான் அவனுக்குத் தாங்கவில்லை.