நன்மரணச் சங்கத்தின் இடது பை

தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு வலது பைக்குள் கை விடுவார் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா சிரில். பல நாள் அதில் ஒன்றும் அகப்படாது. இடது பையிலோ காசு குலுங்குவது ரயில்வே ஸ்டேஷன் வாசல்வரை கேட்கும்.

“அந்தப் பக்கந்தான் மணி அடிக்குதே, கிராணி” என்பார் கடைக்காரர்.

“அது நம்மளுது இல்ல லா, பாய். செத்தவங்களுது. இதைக் கடன்ல எழுதிக்குங்க.”

சொல்லிவிட்டு, கடன் வைத்தவர் கடைக்காரர்தான் என்பதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பார்சல் ஆபீசுக்குள் நுழைந்துவிடுவார்.

செத்தவர்கள் என்றால் எல்லாச் செத்தவர்களும் அல்ல. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸில் இருக்கும் கிறிஸ்தவ வேதக்காரர்கள் சேர்ந்து நடத்துகிற நன்மரணச் சங்கத்தில் மாதம் அரை வெள்ளி கட்டிவிட்டுச் செத்தவர்கள். உயிரோடிருக்கும்வரை இந்தச் சங்கம் ஒருவனுக்கு ஒரு மிடறு காபி வாங்கித் தராது. கண்ணை மூடிவிட்டானோ, பித்தளைப் பிடி வைத்த பெட்டி, கறுப்புத் துணி போர்த்திய குதிரை வண்டி, ஆளுயர மெழுகுவத்தி என்று துரைமாரும் திரும்பிப் பார்க்கும்படி அனுப்பி வைக்கும். வாழ்நாளெல்லாம் மூன்றாம் வகுப்பில் போனவர்களுக்கு அந்தக் கடைசிப் பயணம் முதல் வகுப்பு.

இதற்கு ஏஜெண்டு சிரில். சம்பளம் கிடையாது. ரயிலில் ஓசிப் பாஸ் உள்ளவர் என்பதால் சாலாக் செலாத்தானிலிருந்து கிள்ளான் வரை வசூல் அவர் தலையில் விழுந்தது. ‘ஏஜெண்டு’ என்ற பட்டத்தைச் சம்பளத்துக்குப் பதிலாக வைத்துக்கொண்டார். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டில் வலது பை சொந்தம், இடது பை சங்கம். மழை வந்தால் குடை இடப்பக்கமே சாயும். வலது தோளும் வலது பையும் நனைந்து தொங்கும். ஒரு சமயம் ரிக்‌ஷாக்காரனுக்குக் கொடுக்கக் காசில்லாமல், அவனை வாசலில் நிறுத்திவிட்டுப் பெண்டாட்டி பெர்னடெட்டின் அஞ்சறைப் பெட்டியைத் துழாவினார். இடது பை அப்போது கனத்தில் கிழிந்துவிடும்போல் இருந்தது.

சம்பளத்துக்கு மறுநாள் பேங்குக்குப் போவார். சங்கக் காசு நீலக் கைக்குட்டையில் முடிச்சு. சொந்தக் காசு பழைய பத்திரிகைத் தாளில் பொட்டலம். இரண்டையும் ஒரு முழ இடைவெளி விட்டு வைப்பார்.

“இது சங்கத்துது. இது என்னுது. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேரக் கூடாது, பாஸ்.”

“போலே, போலே” என்பார் கவுண்டரில் இருக்கும் வயதான சீனர். மலாயில் அதற்கு ஆகட்டும் என்று பொருள். சிரில் வாசல்வரை போய் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார். முடிச்சும் பொட்டலமும் வைத்த இடத்திலேயே இருக்கும். நிம்மதியாக வெளியேறுவார். அவர் நிழல் மறைந்ததும் சீனர் இரண்டையும் அவிழ்த்து ஒரே இழுப்பறையில் கொட்டி, சிரில் என்ற ஒற்றைப் பெயரில், ஒரே கணக்கில் பதிந்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். உள்ளே எங்கோ இரண்டு அலமாரி இருக்கிறது, ஒன்றில் நீல முடிச்சுகள் அடுக்கியிருக்கின்றன என்று சிரில் பல வருஷம் நம்பியிருந்தார். பார்சல் ஆபீசில் அப்படித்தான் வைப்பார்கள். ஒருவர் மூட்டையை அவிழ்த்து இன்னொருவர் மூட்டையில் கொட்டுகிற வழக்கம் அங்கே இல்லை.

இடி வாசுவின் ரூபத்தில் வந்தது. வாசு ரயில்வே கார்டு, தேன்போலப் பேசுவான். வட்டிக்கடையில் வாங்கிய பெருந்தொகைக்கு சிரிலை ஜாமீன் நிற்கச் சொன்னான். “சும்மா ஒரு கையெழுத்துதான், அண்ணே. பேனா மை மட்டுந்தான் உங்களுக்குச் செலவு.” ரப்பர் விலை விழுந்து, ரயில்வேயில் ஆள்குறைப்பு வந்ததும், வேலைபோன வாசு கணக்குத் தீர்த்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பலேறிவிட்டான். வட்டிக்கடைக்காரர் கோர்ட்டுக்குப் போய், ஜாமீன் நின்றவரின் பேங்குக் கணக்கை முடக்கினார்.

அந்த மாதம் சிரில் முடிச்சை நீட்டியபோது சீனர் முதன்முதலாக, “தாக் போலே” என்றார். ஆகாது.

கணக்கை முடக்கிவிட்டார்கள் என்று விளக்கினார். சிரில் அதிர்ந்தாலும் விழவில்லை. “என்னுதைத்தானே புடிச்சாங்க? சங்கத்துதைக் குடுங்க, போறேன்.”

சீனர் கணக்குப் புத்தகத்தைத் திருப்பி வைத்து விரலால் ஓர் எண்ணைத் தொட்டார். ஒரே எண். சிரில் அதன் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். கவுண்டர் கம்பிக்குள் முகத்தை நுழைத்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

“நீல முடிச்செல்லாம் எங்க?” என்றார்.

சீனருக்கு அந்தக் கேள்வி விளங்கவே இல்லை. சிரிலுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கும்வரை கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வளாகத்தில் சங்கம் கூடியது. தலைவர் இருதயம் ஓய்வுபெற்ற இன்ஜின் டிரைவர். ரகசியம் பேசினாலும் அடுத்த ஸ்டேஷனுக்குக் கேட்கும்.

“ஏன்யா சிரில், கோட்டுல பை ரெண்டு. பேங்குல ஒண்ணா?”

“கவுண்டர்ல ஆளு ஒருத்தன்தானேண்ணே. நான் ஒவ்வொரு வாட்டியும் அவன்கிட்ட சொல்லித்தான் குடுத்தேன்.”

“நீ சொன்னே. அவன் காதுல போட்டுகிட்டான். காசை டிராவுல போட்டுட்டான்.”

“குடை புடிச்சுப் புடிச்சு ஈரம் படாம காத்தது இதுக்குத்தானா?” என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. பெட்டிக்குக் காசில்லை என்ற எண்ணம் ஒவ்வொருவர் முகத்திலும் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. சிலர் தங்கள் நாடியைத் தாங்களே பிடித்துப் பார்த்ததாகக் கேள்வி.

கடைசியில் இருதயம் தீர்மானம் அறிவித்தார். “கேசு முடியறவரைக்கும் யாரும் சாக வேணாம். கொஞ்சம் பொறுத்துக்குங்க.” அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கிள்ளான் ஸ்டேஷனில் வடை விற்கும் கேத்தரின் மலேரியாவில் படுத்திருந்தாள். சங்கத்தின் முதல் ஆண்டிலிருந்து ஒரு மாதம் தவறாமல் கட்டியவள். தீர்மானத்தை அவள் காதில் போய்ச் சொன்னபோது, “பலகையில கட்டித் தூக்கிட்டுப் போறதுக்கா இம்புட்டு வருஷம் கட்டினேன்? நான் சாகலைன்னு சொல்லுங்க” என்றாளாம்.

வக்கீல் இராமலிங்கம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடியே சிரிலிடம் சட்டத்தை எடுத்துச் சொன்னார். “அடுத்தவர் பணமும் சொந்தப் பணமும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால், சட்டம் உம்மை யோக்கியர் என்று வைத்துக்கொள்ளும். யோக்கியன் முதலில் தன் பணத்தைத்தான் செலவழிப்பான். ஆகவே நீர் வீட்டுக்கு எடுத்ததெல்லாம் உம்முடைய பணம். மிச்சம் நிற்பது சங்கத்தின் பணம். ரசீதுகளைக் கூட்டிப் பார்த்தேன், கிட்டத்தட்டச் சரியாக இருக்கிறது.”

“அப்போ என் பணம், சார்?”

“அதைத்தான் தின்று தீர்த்துவிட்டீரே.”

கணக்கை முடக்கியது முதல் அதிர்ச்சியென்றால், தாம் யோக்கியர் என்று கேட்டது அதைவிடப் பெரிய அதிர்ச்சி. அவர் நம்பியிருந்த இரண்டு அலமாரிகளில் அவருடையது எப்போதோ காலி. அடகிலிருக்கும் பெர்னடெட்டின் சங்கிலியை மீட்க அதில் காசு இருக்கிறது என்று மாதாமாதம் அவளிடம் சொல்லி வந்திருந்தார்.

அவளிடம் இப்போது உண்மையைச் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு தாழ்ந்த குரலில், “எல்லாம் கலந்து கெடக்குன்னுதானே சொல்றாங்க. பாதி நம்மளுதுன்னு கோர்ட்டுல சொல்லிடுங்க. வட்டிக்காரன் அதை எடுத்துகிட்டுத் தொலைவான். இல்லாட்டி உங்க சம்பளத்துல கை வைப்பான். நாம என்னத்தைத் திங்கறது?” என்றாள்.

சிரில் ஆணியில் தொங்கிய கோட்டைப் பார்த்தார்.

“எந்தப் பாதி, பெர்னடெட்?”

கோர்ட்டில் இதில் ஒரு காசும் தமதில்லை என்று சொன்னார். வட்டிக்கடை வக்கீல் நம்பவில்லை. கணக்கில் இருப்பது இவர் பெயர்தானே என்றார். இராமலிங்கம் பேங்குச் சீனரைக் கூண்டில் ஏற்றினார். “இந்த ஆள் மாசாமாசம் ரெண்டு மூட்டை கொண்டு வருவார். இது சங்கத்துது, இது என்னுது, கலக்காதே என்பார். சீக்கிரம் போகட்டுமே என்று நானும் போலே போலே என்பேன்” என்றார் சீனர். துபாஷி அதை இங்கிலீஷில் சொன்னதும் ஜட்ஜு துரை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பைத்தியக்காரப் பேச்சுத்தான் சாட்சியாக நின்றது. சங்கத்தின் பணம் சங்கத்துக்கே போயிற்று. வட்டிக்கடைக்காரருக்கு மிஞ்சியது சில்லறை. பாக்கிக்கு சிரிலின் சம்பளத்தில் கை வைத்தார். சிரிலோ வெளியே வரும்போது சீனரைத்தான் முறைத்தார். போலே என்று சொல்லிவிட்டுக் கலந்தவர் அல்லவா.

இப்போது சங்கத்துக்குத் தன் பெயரில் கணக்கு இருக்கிறது. வசூலுக்குப் பூட்டுப் போட்ட தகர உண்டியல் ஒன்று வருகிறது, சாவி இருதயத்திடம். பெர்னடெட் கோட்டின் இடது பை வாயைக் கறுப்பு நூலால் தைத்து மூடிவிட்டாள். வெள்ளை நூலும் வீட்டில் இருந்தது.

உண்டியல் வரும்முன், கேசு ஜெயித்ததைச் சொல்லிவர மட்டும் சிரில் கிள்ளானுக்குப் போனார். கேத்தரின் எழுந்து வந்து ஸ்டேஷனில் வடை விற்றுக்கொண்டிருந்தாள். சேதியைக் கேட்டதும் மடியிலிருந்து அரை வெள்ளியை எடுத்து நீட்டினாள்.

“உண்டியல்லதான் போடணும், அக்கா. அடுத்த வாரம் வாங்கிக்கறேன்.”

“அடுத்த வாரம் நான் இருப்பேன்னு யாரு கண்டா? புடி தம்பி. பெட்டியோட பித்தளைப் புடியில மாத்தம் இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

வாங்கியதும் இடது கை தானாக இடது பைக்குப் போய், தையலில் முட்டி நின்றது. வலது பை திறந்தே இருந்தது, காலியாகவும் இருந்தது. சிரில் விரல்களை மடக்கிக்கொண்டார்.

ரயிலில் வரும் வழியெல்லாம் இடது கை மூடியே இருந்தது. பரிசோதகர் கேட்டபோது பாஸை வலது கையால் எடுத்துக் காட்டினார். நெற்றியில் ஈ உட்கார்ந்தபோதும் வலது கையே போயிற்று. ஸ்டேஷனில் இறங்கி, கோட்டர்ஸ் வரிசையைக் கடந்து, நேரே இருதயம் வீட்டு வாசலில் போய் நின்று கையை நீட்டி விரித்தார். வியர்வையில் ஒட்டியிருந்த காசை இருதயம் நகத்தால் நெம்பி எடுத்தார். உள்ளங்கையில் அரசர் தலை பதிந்திருந்தது.

“வலது பையில போட்டுகிட்டு வரவேண்டியதுதானேய்யா” என்றார் இருதயம்.

சிரில் விரித்த கையை மூடாமலே, உள்ளங்கை, புறங்கை என்று இருபுறமும் ஒரு தரம் திருப்பிக் காட்டினார்.