கோடியக்கரையில் ஒரு பாலைவனம்

குளிர்காலத்தைக் கழிக்கப் பாலைவனம் தேடிப் போன தஞ்சாவூர்க்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் வேனுக்குள் கட்டில் போட்டு, ஸ்டவ் வைத்து, தண்ணீர் டிரம்மைக் கட்டி, பெண்டாட்டியையும் ஏற்றிக்கொண்டு. கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நானே சிரித்துக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் மனைவிக்கு இழுப்பு. குத்தாலத்தில் பிறந்து வலங்கைமான் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். ஈரத்திலிருந்து ஈரத்துக்கு வந்தவள். ஐப்பசியில் மழை பிடித்தால் மாசி வரை அவளால் கால் நீட்டிப் படுக்க முடியாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூக்கம். அந்த வருஷம் மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னாலேயே, ஆவணிக் கடைசியில், மூச்சு முட்டிப்போய்க் கும்பகோணம் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்தாள். நானும் கூடவே இருந்தேன். டாக்டர் தரங்கம்பாடிப் பக்கத்துக் கிறிஸ்தவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"இவங்களுக்கு உங்க ஊரு ஒத்துக்கலைங்க. காஞ்ச இடமாப் பாத்து, மழைக்காலம் முடியுற வரைக்கும் வச்சிருங்க. பாலைவனம் மாதிரி இருக்கணும். இன்னும் ரெண்டு மழைக்காலம் இப்படியே போச்சுன்னா, அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

அதற்கு மேல் ஒரு மனிதர் எப்படித் தெளிவாகச் சொல்வார்? ஆனால் என் மண்டையில் அது முழுதாக ஏறவில்லை. அங்கே ஏற்கெனவே வேறொரு கவலை குடியிருந்தது.

எனக்கு ஒரு வேலிக்குச் சற்றுக் குறைவாக, ஆறு ஏக்கர் போல, நன்செய் இருந்தது. 'இருந்தது' என்று நான் சொல்லிக்கொண்டேனே தவிர, இருபது வருஷமாக அதில் இறங்கி உழுதவர் எங்கள் குத்தகைக்காரர். நான் வரப்பில் குடை பிடித்தவன். அது எழுபதுகளின் காலம். மேடையில் ஏறினால் நில உச்சவரம்பு, டீக்கடையில் உட்கார்ந்தால் கூலித் தகராறு, வயலுக்குப் போனால் வரப்பில் கொடி. உழுகிறவர் மனுக் கொடுத்துத் தன் பெயரைக் குத்தகைப் பதிவில் ஏற்றிக்கொண்டால் அவரை எளிதில் வெளியேற்ற முடியாது என்று சட்டமும் வந்துவிட்டது. நான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து அவர் பெயரை ஏற்றிவிடுவாரோ என்பதுதான் என் பயம். நியாயமாகப் பார்த்தால் அவர் பெயர்தான் ஏற வேண்டும். நியாயமாகப் பார்க்கும் வழக்கம் எனக்கு அப்போது இல்லை.

வேன் வாங்கியதும் இந்தப் பயத்தால்தான். வெளியூரில் வீடு பிடித்தால் சாமான் செட்டோடு மாட்டிக்கொள்வோம். வேன் என்றால் நினைத்த நிமிஷம் திரும்பிவிடலாம். தேர்தல் முடிந்து உள்ளூர்க் கட்சிக்காரர் ஒருவர் தன் பிரசார வேனை விற்றார். வாங்கி, உள்ளே பலகை அடித்துக் கட்டில் போட்டேன். வெளியே வெள்ளைப் பெயிண்ட் அடித்தேன். வெயில் பட்டால் வெள்ளைக்கு அடியிலிருந்து கட்சிக் கொடியின் நிறம் எட்டிப் பார்க்கும். கூரையிலிருந்த ஒலிபெருக்கிக் குழாயின் மரைகள் துருப்பிடித்துப்போய்க் கழற்றவே வரவில்லை. எனக்கு டிராக்டர் ஓட்டிய பழக்கம்தான். வேனையும் அதே வேகத்தில்தான் ஓட்டினேன். சைக்கிள்காரர்கள் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே முந்திப் போனார்கள்.

எந்தப் பாலைவனம் என்று முடிவுசெய்ய மச்சானை, அதாவது என் மனைவியின் அண்ணனை, வரவழைத்தேன். பள்ளிக்கூட அட்லஸைக் கூடத்தில் விரித்துப் போட்டோம். மச்சான் நேராக ராஜஸ்தானில் விரலை வைத்தார்.

"அங்க புழுங்கலரிசி கிடைக்குமா?" என்றேன்.

"ஒட்டகம் கிடைக்கும் மாப்ளே."

ராஜஸ்தான் போயிற்று. ராமநாதபுரம் என்றார். ஆகாத அதிகாரிகளைத் தூக்கியடிக்கிற ஊருக்கு நானாக ஏன் போக வேண்டும் என்றேன். கடைசியில், திருச்செந்தூருக்கு அந்தப் பக்கம் தேரிக்காடு இருக்கிறது என்றார். கருப்பட்டி வாங்கப் போனபோது பார்த்தாராம்.

"கண்ணுக்கு எட்டின மட்டும் செக்கச்செவேல்னு மணலு. நடுநடுவுல பனை. மழைன்னா அங்க சாஸ்திரத்துக்குத்தான். டாக்டர் சொன்னது அந்த மாதிரி இடந்தான் மாப்ளே."

நான் ஸ்கேலை எடுத்து அளந்தேன். வீட்டிலிருந்து அளக்கவில்லை, என் வயலிலிருந்து அளந்தேன். பஸ் மாறி மாறி வந்தால் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆகும். அதற்குள் தாசில்தார் ஆபீஸில் என்ன வேண்டுமானாலும் நடந்துவிடும். ஸ்கேல் தானாகக் கிழக்கே நகர்ந்து கோடியக்கரையில் நின்றது. உப்பளம். மணல். வெட்டவெளி. ஒரு நெற்பயிர் கிடையாது. எங்கள் ஊர்க்காரனுக்கு நெல் விளையாத இடமெல்லாம் பாலைவனம்தான். காலையில் கிளம்பினால் மத்தியானம் என் வரப்பில் நிற்கலாம்.

"அங்க கடல் இருக்கேங்க," என்றாள் என் மனைவி.

"கடல் ஓரமாத்தானே இருக்கும்," என்றேன்.

மச்சான் அட்லஸை மூடிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

கார்த்திகை முதல் வாரம் கோடியக்கரையில் போய் இறங்கினோம். ஒலிபெருக்கிக் குழாயைப் பார்த்து ஜனம் கூடிவிட்டது. ஒரு பெரியவர் சாலை போடச் சொல்லி மனு நீட்டினார். நான் கட்சிக்காரன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். என் மனைவி வேனுக்குள்ளிருந்து பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது.

மூன்றாம் நாள் மழை பிடித்தது. உப்பளத்தில் ஆளே இல்லை. வழியில் வந்த ஒருவரிடம் ஏன் என்று கேட்டேன். "மழக்காலத்துல உப்பு எப்படிங்க விளையும்?" என்றார். உப்பே காயாத இடத்தில் ஒருத்தியின் நெஞ்சு எப்படிக் காயும் என்று அந்த நிமிஷமே எனக்குப் பட்டிருக்க வேண்டும். எனக்குப் பட்டதெல்லாம், இந்த மழை ஊரிலும் பெய்யுமே, வயலில் தண்ணீர் நிற்குமே, வடிய வைக்கிற சாக்கில் குத்தகைக்காரர் யாரையெல்லாம் பார்ப்பாரோ என்பதுதான். ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறிப் போய் வயலைப் பார்த்துவிட்டு வந்தேன். குத்தகைக்காரர் ஒவ்வொரு தடவையும் முண்டாசை அவிழ்த்துவிட்டு, "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்பார். "அங்கே நல்ல வெயில்" என்று நனைந்துபோய் நின்றுகொண்டு சொல்வேன்.

அவள் மூச்சு நாளுக்கு நாள் மோசமாயிற்று. வேனுக்கு வெளியே நின்றால்கூட அந்த விசில் சத்தம் கேட்கும். "வேற எடம் போலாங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். "இந்த வாரம் போகட்டும், வெயில் அடிக்கும்" என்றேன். வெயில் என்னவோ என் கைக்குள் இருக்கிற மாதிரி.

பதினெட்டாம் நாள் சாயங்காலம் வயலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். வேன் கதவு திறந்து கிடந்தது. தினமும் எங்களுக்கு மீன் கொண்டுவரும் அம்மா, என் மனைவியைத் தன் தோளில் சாய்த்து நிமிர்த்திப் பிடித்திருந்தார். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. கண் செருகியிருந்தது.

"ஏன்யா, உனக்குப் புத்தி கித்தி இருக்கா?" என்று அந்த அம்மா என்னைப் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டார். "இழுப்புக்காரிய அட மழையில கடக்கரைக்குக் கூட்டியாந்து வுட்டுட்டு எங்கய்யா போன?"

"வயலைப் பாக்க..."

"வயலு என்ன எந்திரிச்சு ஓடியா போயிரப் போவுது? வண்டிய எடுய்யா மொதல்ல!"

வேதாரண்யம் ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கு ஓட்டினேன் பாருங்கள், அந்த வேன் எந்தத் தேர்தலிலும் அப்படி ஓடியிருக்காது. ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வைத்து, நடுராத்திரியில்தான் அவள் என்னை அடையாளம் கண்டாள். "வயல் நல்லா இருக்கா?" என்று கேட்டாள். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அவள் தேறியதும் நேரே தேரிக்காட்டுக்கு விட்டேன். மச்சான் சொன்னது ஒரு சொல் பொய்யில்லை. சிவப்பு மணல், பனை, வெயில். அங்கேயும் குழாயைப் பார்த்து ஆள் வந்தார்கள். பனையேறும் குடும்பத்து அம்மா ஒருவர், "அண்ணாச்சி, கூட்டம் எப்ப?" என்று கேட்டார். இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன்: "கூட்டமெல்லாம் இல்லைம்மா. இவளுக்கு மூச்சு முட்டுது. அதான் வந்தோம்." அந்த அம்மா தன் குடிசைக்குப் பக்கத்திலேயே வேனை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். மத்தியானம் சுள்ளி பொறுக்கிக்கொண்டு வந்து வேனுக்குள் எட்டிப் பார்த்தேன். என் மனைவி கட்டிலில் மல்லாந்து, காலை நீட்டிப் படுத்திருந்தாள். சத்தமே இல்லை. மழைக்காலத்தில் அவளை அப்படிப் படுத்துப் பார்த்ததே கிடையாது எனக்கு. சுள்ளியைப் போட்டுவிட்டு, மெதுவாகப் போய் அவள் மூக்கருகே விரலை வைத்தேன். அவள் ஒரு கண்ணைத் திறந்தாள்.

"செத்துட்டேனான்னு பாக்குறீங்களா?"

நான் வெளியே ஓடி வந்து ஒரு பனைக்குப் பின்னால் நின்று அழுதேன். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தால், "மணல்ல விழுந்தீங்களா, கண்ணெல்லாம் செவந்திருக்கு?" என்றாள். ஆமாம் என்றேன்.

இதோடு நான் திருந்தியிருந்தால் கதை நன்றாக முடிந்திருக்கும். தை பிறந்ததும் பக்கத்துக் குடிசை விலாசத்துக்கு மச்சானிடமிருந்து கார்டு வந்தது. அறுவடை தொடங்கிவிட்டது, குத்தகைப் பதிவு விஷயமாகப் பேச்சு அடிபடுகிறது, வந்து பார்ப்பது நல்லது என்று நாலு வரி. எனக்குச் சோறு இறங்கவில்லை. கட்டிலுக்கடியில் பெட்டியைத் துழாவினேன்.

"நீங்க போயிட்டு வாங்க," என்றாள் அவள். "நான் வரல."

"நீ இல்லாம எப்படி?"

"இங்க எனக்கு மூச்சு இருக்கு. இத வுட்டுட்டு நான் வரமாட்டேன். அவரு பேர எழுதுனா எழுதட்டுமே, சேத்துல நிக்கிறது அவருதானே. ஆனா நீங்க நேர்ல பாக்காம அடங்க மாட்டீங்க. போங்க."

பக்கத்துக் குடிசை அம்மா துணைக்கு இருக்கிறேன் என்றார். பஸ் மாறி மாறி மறுநாள் மத்தியானம் என் வயலில் போய் நின்றேன். அறுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. குத்தகைக்காரர் அரிவாளை வரப்பில் வைத்துவிட்டு வந்தார். வழக்கம்போல முதல் கேள்வி அம்மாவைப் பற்றித்தான். நல்லா இருக்கா, படுத்துத் தூங்குறா என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்ததும் என் மனசு என்னவோ ஆகிவிட்டது. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த சாமர்த்தியம் எதுவும் வாயில் வரவில்லை.

"நானும் யோசிச்சுப் பாத்தேன்," என்றேன், தானம் கொடுக்கிறவன் குரலில். "உங்க பேரைப் பதிவு பண்ணிக்கங்க. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

அவர் முண்டாசை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அய்யாவுக்குத் தெரியாதுங்களா? புரட்டாசியிலயே பதிவாயிடுச்சுங்களே."

"எந்தப் புரட்டாசி?"

"போன புரட்டாசிதாங்க. அம்மாவ ஆஸ்பத்திரியில வச்சிருந்தீங்களே, அப்பதான் வெசாரணை நோட்டீசு உங்க வீட்டுக் கதவுல ஒட்டுனாங்க. மழையில ஊறி விழுந்துடுச்சு போல. நீங்க வரல, பதிவாயிடுச்சு. தெரிஞ்சுதான் ஒண்ணும் சொல்லாம இருக்கீங்கன்னு நெனச்சேங்க. அம்மாவுக்கு அவ்வளவு முடியாம இருக்கறப்ப நானா வந்து இதப் பேசுனா நல்லா இருக்குங்களா?"

அதாவது, நான் ஸ்கேலை வைத்து அளப்பதற்கு முன்னாலேயே பதிவு முடிந்துவிட்டிருக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் நனைந்துகொண்டே போய் நான் காவல் காத்தது எதை என்று அந்த வரப்பில் நின்று யோசித்தேன். அறுத்துக்கொண்டிருந்த பெண்களில் யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தானா என்று தெரியவில்லை. என்னைப் பார்த்து என்றே வைத்துக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில், இதை அவளிடம் சொல்லவே வேண்டாம் என்று சத்தியமாகத் தீர்மானித்தேன். ஆனால் வேனில் காலை எடுத்து வைத்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், கொஞ்சம் வேடிக்கையாகவே. நோட்டீஸ் கதை, என் தானக் குரல், அந்தப் பெண்களின் சிரிப்பு எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். அவள் சிரிப்பாள் என்று நம்பினேன்.

அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"அப்ப கோடியக்கரையில அந்தப் பதினெட்டு நாளு நான் எதுக்குங்க மூச்சுக்குத் திண்டாடுனேன்?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். அவள் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவள் என் முகத்தைப் பார்த்தபடி, ஒரு சத்தமும் இல்லாமல் மூச்சு விட்டுக்கொண்டு, பதிலுக்காக வெகுநேரம் காத்திருந்தாள்.