சுவிட்சுக்குப் பக்கத்தில் யார்?

என் அண்ணி பரிமளா வாய் திறந்து எதையும் கேட்கமாட்டாள். ஒரு கல்யாணப் பந்தியில் அவள் இலைக்கு மட்டும் பாயசம் வராமல் போனது. அப்போதும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். நான்தான் பரிமாறியவரோடு சண்டை போட்டு வாங்கி ஊற்றினேன். எங்கள் இருவருக்கும் ஒரே வயது. அவளுக்குச் சேர்த்து நானே பேசிவிடுகிறேன் என்று ஊரில் கேலி செய்வார்கள்.

குன்னம் பக்கத்தில் என் அண்ணன் ராசாங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். காடு, மாடு, இரண்டு பிள்ளைகள் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டாள். அவளுடைய வலது கையில் மூன்று விரல்கள்தான் உண்டு. அதை வைத்துக்கொண்டே பால் கறப்பாள், பருத்தி எடுப்பாள்.

விரல் போனது சோளத்தட்டை வெட்டும் மிஷினில். அவள் தட்டையை உள்ளே தள்ளுவாள். அண்ணன் சுவரோரம் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்பார். அன்றைக்கு ரோட்டிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள் என்று அண்ணன் டீக்கடைக்குப் போய்விட்டார். தட்டையோடு சேர்ந்து வளையல் மாட்டிக்கொண்டது. அவள் போட்ட சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்டது. அவர் ஓடிவந்து அணைப்பதற்குள் நடந்தது நடந்துவிட்டது.

அதைப் பற்றி அண்ணி அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணன் அதோடு டீயை விட்டார். யார் வீட்டில் கொடுத்தாலும் "வவுத்துக்கு ஒத்துக்க மாட்டேங்குது" என்பார். நானாக இருந்தால் புருஷனைத் தினம் நாலு வார்த்தை திட்டி ஆறியிருப்பேன். இவர்கள் திட்டவுமில்லை, ஆறவுமில்லை. புருஷன் பெண்டாட்டி நடுவில் நாத்தனார் மூக்கை நுழைத்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று நானும் சும்மா இருந்தேன்.

போன வருஷம் அண்ணிக்கு உதிரப்போக்கு நிற்காமல் போனது. வழக்கம்போல யாரிடமும் சொல்லவில்லை. மாட்டுக்கொட்டகையில் மயங்கி விழுந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில், உடம்பில் ரத்தமே இல்லை என்றார்கள். ஸ்கேனில் கர்ப்பப்பை முழுக்கக் கட்டிகள். ரத்தம் ஏற்றி, மாத்திரை கொடுத்துப் பார்த்தும் கேட்கவில்லை. கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டும் என்று திருச்சிக்கு அனுப்பினார்கள். விஷயம் தெரிந்து நானும் என் புகுந்த ஊரான கீழப்பழுவூரிலிருந்து பஸ் ஏறினேன்.

அங்கே டாக்டர் சத்யப்பிரியா பொறுமையாகப் பேசினார். "வயித்தக் கிழிச்சும் பண்ணலாம். ஆனா உங்களுக்குச் சுகர் இருக்கு, பெரிய காயம் ஆற நாளாவும். ரெண்டு சிசேரியன் வேற. உள்ள எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கு. ரோபோ மிஷின்ல பண்ணினா சின்னச் சின்னத் துளைதான். யோசிச்சுச் சொல்லுங்க."

மிஷின் என்றதும் அண்ணி வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அவள் வேண்டாம் என்று எழுந்துவிடுவாளோ என்று எனக்குப் பயம். எந்த ஆபரேஷனும் இல்லாமல் இன்னொரு தடவை மயங்கி விழுந்தால் எழுவாளா என்பதே சந்தேகம்.

"கரண்டு போச்சுன்னா?" என்றார் அண்ணன்.

"பேட்டரி இருக்கு, ஜெனரேட்டரும் இருக்குங்க. அதுக்கு மேலயும் ஏதாச்சும்னா கருவியக் கழட்டிட்டு வயித்தத் திறந்து வழக்கம்போல முடிப்போம். அதுக்கும் தயாராத்தான் இருப்போம்."

அப்போதுதான் அண்ணி கேட்டாள். நான் அறிய அவளாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"சுவிட்சுகிட்ட யாரு நிப்பாங்க?"

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அது தானா எதையும் அறுக்காதும்மா. அதே ரூம்ல உக்காந்து நான்தான் ஓட்டுவேன். உள்ள இருக்கிறது எனக்குப் பெருசாத் தெரியும். நான் பாக்குற எடத்துலேருந்து தலைய எடுத்துட்டா கருவி அப்படியே நின்னுடும்." டாக்டர் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினார். "இந்த ரெண்டு விரல்லதான் அத ஓட்டுறது."

அண்ணி முந்தானையிலிருந்து கையை மெல்ல வெளியே எடுத்துப் பார்த்தாள். "அது ரெண்டும் எனக்கும் இருக்கு" என்றாள். டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"ஆபத்தே இல்லன்னு சொன்னா அது பொய். ரத்தம் போவலாம். மூத்திரப்பையில, மூத்திரக் குழாயில பட்டுடலாம். கிழிச்சுப் பண்ணினாலும் அந்தப் பயம் உண்டு. எந்த மிஷினுங்கறத விட யாரு ஓட்டுறாங்கன்னு பாக்கணும். நான் இத நெறைய பண்ணியிருக்கேன். உங்க பக்கத்துலயே டாக்டர் கலையரசி நிப்பாங்க."

"முடியிற வரைக்கும் எங்கயும் போவ மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"டீ குடிக்கக்கூட?"

கேட்டுவிட்டு அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் அடக்கி வைத்த சொல், கேட்க வேண்டியவரை விட்டுவிட்டு டாக்டரிடம் போய் விழுந்துவிட்டது. ஒன்றும் தெரியாத டாக்டர், "டீ குடிக்கக்கூடப் போவ மாட்டாங்கம்மா" என்றார். "அப்பன்னா சரி" என்று அண்ணி ஒப்புக்கொண்டாள். அண்ணன் தலை நிமிரவே இல்லை.

ஆபரேஷன் அன்று அவர் தியேட்டர் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. செக்யூரிட்டி இரண்டு தடவை அதட்டிப் பார்த்தார்.

"அண்ணே, ஒரு இட்லியாச்சும் தின்னுட்டு வா. நான் நிக்கிறேன்" என்றேன்.

"நீ போ. நான் நவுர மாட்டேன்."

எனக்கு எரிச்சலும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் அந்தக் கதவருகே நின்று எந்தச் சுவிட்சைக் காவல் காக்கிறார் என்று எனக்குத் தெரியாதா?

டாக்டர் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது, ரத்தம் அதிகம் போகவில்லை, வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கவில்லை என்றார். அண்ணன் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

அண்ணி கண் விழித்ததும் எங்களை உள்ளே விட்டார்கள். முகம் வெளுத்திருந்தது. கண்ணால் அண்ணனைத் தேடினாள்.

"எங்க இருந்தீங்க?"

"கதவுகிட்டயே நின்னேன். எங்கயும் போவல."

"டீ குடிச்சீங்களா?"

அண்ணன் இல்லை என்று தலையாட்டினார். அவள் அந்த மூன்று விரல்களால் அவர் கையைப் பிடித்தாள்.

"மிஷினுதான் நின்னுடுச்சே. போய்க் குடிச்சிட்டு வாங்க."

அண்ணன் நகரவில்லை. "போங்கங்கறேன்ல" என்று அதட்டினாள். என் அண்ணி யாரையாவது அதட்டி அன்றைக்குத்தான் கேட்டேன்.

கேன்டீனில் எனக்கு எதிரே அண்ணன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கண்ணீர் தாடையில் இறங்கியது, துடைக்கவில்லை. ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு டீ சொன்னார்.