ஏழாம் நம்பர் வடிகாலை ஆறாக்கினோம்

சுரங்கத்தில் வேலை பார்க்கிறவன் சொந்த ஊருக்குப் போனால் பக்கத்தில் உட்கார வைத்து, மெஷின் எவ்வளவு பெரிசு என்று கேட்பார்கள். வடிகாலில் வேலை பார்க்கிறவன் போனால், குளித்துவிட்டு வந்தாயா என்று கேட்பார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் மூன்று வருஷம், நெய்வேலி டவுன்ஷிப்பில், நான் அந்த இரண்டாவது ரகம். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து சிவில் டிப்ளமோவோடு வந்தவன். சுரங்கத்தில் போடுவார்கள் என்று நினைத்து வந்தேன். டவுன்ஷிப் பராமரிப்பில் போட்டார்கள். மேலதிகாரி சொன்னதை அப்படியே செய்துவிட்டு, அதற்காகவே அவரிடம் திட்டு வாங்கியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஏழாம் நம்பர் வடிகால் ஒரு காலத்தில் ஓடையாக இருந்தது. டவுன்ஷிப் கட்டும்போது அதை ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக்கி, இரண்டு பக்கமும் கல் பதித்து, நம்பர் கொடுத்துவிட்டார்கள். குவார்ட்டர்ஸ்களுக்குப் பின்னால் ஓடி, மந்தாரக்குப்பம் பக்கம் கான்ட்ராக்ட் ஆட்கள் குடியிருந்த தோப்புத் தெருவை உரசிக்கொண்டு வெளியே போகும். ஐப்பசி மழைத் தண்ணீர் வழியில் எங்கேயும் நிற்காமல் ஒரே ஓட்டமாக வந்து அந்தத் தெருவுக்குள் நுழையும். வருஷா வருஷம் அங்கே இரண்டு சுவராவது விழும்.

அந்தச் சமயத்தில் பெரிய அதிகாரி ஒருவர் வெளிநாடு போய், நகரத்துக்கு நடுவே ஓடுகிற ஓர் ஆற்றைப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த வாரமே உத்தரவு வந்தது. ஏழாம் நம்பரில் வெள்ளம் வரக் கூடாது, பறவைகள் வர வேண்டும், ஜனங்கள் பொழுதுபோக்க வர வேண்டும். பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மூன்று வேலை, ஒரு ஓடை

முதல் கூட்டத்திலேயே சிக்கல். வெள்ளம் பார்க்கிறவர், ஓடை எப்போதும் காலியாக இருந்தால்தான் மழைத் தண்ணீரை வாங்கிக்கொள்ளும் என்றார். விளையாட்டுப் பிரிவுக்காரர், படகு விட இடுப்பளவு தண்ணீர் வருஷம் முழுக்க நிற்க வேண்டும் என்றார். தோட்டப் பிரிவுக்காரர், பறவை வர வேண்டுமென்றால் படகும் கூடாது, ஜனங்களும் கூடாது, முடிந்தால் இந்தக் கூட்டத்தில் இருக்கும் நாமும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்றார். மூன்று பேரும் சொன்னது நியாயம்தான்.

என் நேர் மேலதிகாரி ராஜமாணிக்கம் சாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். சாந்தமான மனுஷர், யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார். டீ வந்தது, குடித்தார், டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: “திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் வெள்ளம், சனிக்கிழமை பறவை, ஞாயித்துக்கிழமை படகு. ஒரு டைம்டேபிள் போட்டுக் கொண்டு வாங்க தம்பி.”

சாய்கிற மண்

கல்லைப் பெயர்த்து, ஓடைக்குப் பழையபடி வளைவுகள் வெட்டினோம். தண்ணீர் வளைந்து போனால் வேகம் குறையும். கீழே இருக்கிற தெரு பிழைக்கும். என்னிடம் வேலை செய்தது பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்குத் தலைவி அஞ்சலை. நாற்பது வயதிருக்கும். தோப்புத் தெருவில்தான் வீடு. போன ஐப்பசியில் விழுந்த சுவர்களில் ஒன்று அவளுடையது. கருவேல முள்ளை வெறுங்கையால் இழுக்கிறவள், என் வரைபடத்தைப் பார்த்து மட்டும் பயந்தாள். அவள் பயந்தது சரி. நான் வரைபடத்தில் போட்டபடி கரையைச் செங்குத்தாக வெட்டினேன். இரண்டே நாளில் சரிந்தது. மறுபடி வெட்டினேன், மறுபடி சரிந்தது. மூன்றாவது தடவை சரிந்தபோது நானும் அதோடு சேர்ந்து உள்ளே போனேன்.

ஓடைக்கு எதிர் குவார்ட்டர்ஸில் ஒரு ஆபரேட்டர் இருந்தார், பெயர் ஜோசப். சுரங்கத்தில் மண்ணை வெட்டுகிற ராட்சத மெஷினை ஓட்டுகிறவர். நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வந்து, வாசலில் காபியோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு நான்தான் தினம் காலை வேடிக்கை. நான் உள்ளே விழுந்த அன்றைக்குத்தான் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். கை கொடுத்துத் தூக்கிவிட்டார். என் மண்வெட்டியை வாங்கி, கரையைப் படுக்கை வாட்டமாக, அகலமாக ஒரு சரிவு வெட்டிக் காட்டினார். அந்தச் சரிவு கடைசி வரைக்கும் அசையவில்லை. மண்வெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்: “மண்ணுக்குச் சாஞ்சிருக்கத்தான் பிடிக்கும் சார். வெறப்பா நிக்கிறதுக்கு அது என்ன கேட்டுல நிக்கிற செக்யூரிட்டியா?”

பெண் வீட்டார்

அந்த வருஷம் எனக்குப் பெண் பார்த்தார்கள். விருத்தாசலத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் மகள். கம்பெனி மாப்பிள்ளை என்றால் அந்தக் காலத்தில் மதிப்பு அதிகம். குவார்ட்டர்ஸ், பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. வாத்தியார் ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் விசாரிக்கக் கிளம்பி வந்துவிட்டார். ஆபீஸில், மாப்பிள்ளை ஓடையில் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார்கள். வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தவர் பார்த்தது, மார்பளவு ஆகாயத்தாமரைக்குள் நின்று ஒரு செத்த எருமையைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்த என்னை. எனக்கு அவர் யாரென்று தெரியாது. கொஞ்சம் கை கொடுங்களேன் என்று கூப்பிட்டேன். நல்ல மனுஷர், வேட்டியை மடித்துக் கட்டி, கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தார்.

எருமை கரை சேர்ந்ததும், மூச்சு வாங்கிக்கொண்டே அவர் பக்கத்தில் நின்ற அஞ்சலையிடம் மெதுவாக விசாரித்திருக்கிறார், இந்தப் பையனுக்கு வேலை நிரந்தரம்தானா என்று. அஞ்சலை பதில் சொன்னது எனக்கே கேட்டது. “அவுரு பர்மனென்டுதாங்க. இந்த ஓடைதான் கான்ட்ராக்டு, எப்ப நிறுத்துவாங்களோ தெரியாது.” கல்யாணம் தை மாசம் நடந்தது. பந்தியில் மாமனார் தம் உறவினர்களிடம் என்னை அறிமுகப்படுத்தியது இப்படி: “கம்பெனியில தண்ணி சம்பந்தமா ஏதோ பெரிய பொறுப்பு.”

கொக்கு ஆஜர்

பறவை வந்ததா இல்லையா என்று தினம் அறிக்கை கேட்டார்கள். டவுன்ஷிப்பில் எந்த அறிக்கையும் ஆட்களின் வருகையைப் பதிகிற டைம் ஆபீஸ் ஃபாரத்தில்தான் போகும். அங்கே இருந்த குமாஸ்தா பக்தவத்சலம் விதியை மீறாதவர். ஆகவே எங்கள் கொக்குகளும் மூன்று ஷிப்டாகப் பிரிக்கப்பட்டன. காலையில் வருவது ஏ ஷிப்ட், மத்தியானம் வருவது பி ஷிப்ட். இருட்டில் வந்து உட்காரும் வக்கா என்கிற ராக்கொக்குக்கு நைட் ஷிப்ட். வக்காவுக்கு நைட் அலவன்ஸ் உண்டா என்று நான் விளையாட்டாகக் கேட்டேன். அவர் விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, நேரடி நியமனம் இல்லை என்பதால் கிடையாது என்றார்.

வேடிக்கை அதோடு முடியவில்லை. ஒரு திங்கட்கிழமை ஏழு நத்தைக்குத்தி நாரை வந்தன. நான் சந்தோஷத்தில் ஓடிப்போய் ராஜமாணிக்கம் சாரையே கூட்டி வந்து காட்டினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தார். செவ்வாய்க்கிழமை நாலுதான் இருந்தன. அன்று மாலை பக்தவத்சலத்திடமிருந்து எனக்கு ஒரு மெமோ, மூன்று நாரை ஏன் வரவில்லை என்று. நேரில் போய், பறவை தன் இஷ்டத்துக்குப் போகும், நான் என்ன செய்ய முடியும் என்று கெஞ்சினேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: “போகட்டும் சார், நான் வேணாங்கல. சொல்லாமப் போனா ஆப்சென்ட், சொல்லிட்டுப் போனா லீவு. இதுல எதுன்னு மட்டும் எழுதிக் குடுத்திருங்க.”

படகு

படகை வெளியில் வாங்க வேண்டாம், நம் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம் என்று முடிவானது. பட்டறை ஃபோர்மேன் தொழிலில் சூரர். சுரங்க மெஷின்களின் பல்லையும் வாளியையும் பற்றவைத்துப் பழகிய கை. இரண்டு மாசம் ராப்பகலாக உழைத்து ஒரு படகு செய்தார். அன்னப்பறவை முகம், சிவப்பு மூக்கு, நாலு பேர் உட்கார சீட். பார்க்க அவ்வளவு அழகு. ஓடைக்குக் கொண்டுவர கிரேன் தேவைப்பட்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சங்கிலியைத் தளர்த்தினார்கள். படகு தண்ணீரில் இறங்கியது. இறங்கியபடியே இருந்தது. கடைசியில் அன்னத்தின் கழுத்து மட்டும் வெளியே தெரிந்தது. கரையில் நின்ற குழந்தைகள் கை தட்டினார்கள். அது அப்படித்தான் விளையாட வேண்டிய சாமான் என்று நினைத்துக்கொண்டார்கள். ஃபோர்மேன் கொஞ்சமும் கலங்கவில்லை. இருப்பதிலேயே மெல்லிய தகட்டைத்தான் போட்டேன் என்றார். மெல்லியது என்றால் அவர் கணக்கில் விரல் கனம். அன்று சாயங்காலமே ஒரு மீன்கொத்தி வந்து சிவப்பு மூக்கின் மேல் உட்கார்ந்தது. தோட்டப் பிரிவுக்காரர் அதைத் தன் வெற்றியாக எழுதிக்கொண்டார். ஃபோர்மேன் என் தோளைத் தட்டிச் சொன்னார்: “மிதக்குறதப் பத்தி மட்டும் கேக்காதீங்க சார். மத்தபடி இந்தப் படகு உடைஞ்சுதுன்னு யாராச்சும் சொல்லட்டும், நான் வேலைய வுட்டுடறேன்.”

குளமான கோர்ட்டு

ஓடை ஓரத்தில் ஒரு பெரிய மைதானத்தைத் தாழ்வாக வெட்டி வைத்திருந்தோம். பெருமழை வந்தால் தண்ணீர் அதில் ஏறி நின்று, பிறகு மெதுவாக வடியும். திட்டத்தின் உயிரே அதுதான். ஆனால் வெட்டி முடித்த மறுவாரமே பக்கத்து பிளாக் கிளப்காரர்கள் அதில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஷட்டில் கோர்ட் அமைத்துவிட்டார்கள். மழைக் காலத்தில் இங்கே தண்ணீர் வரும் என்று போர்டு வைத்தேன். போர்டில் வலையைக் கட்டிக்கொண்டார்கள்.

ஐப்பசி வந்தது. இரண்டு நாள் விடாத மழை. ஓடை பொங்கி மைதானத்தில் ஏறியது. வெட்டியது சரியா தப்பா என்று அன்றைக்குத்தான் தெரியும். அந்த நேரம் பார்த்து கிளப் செயலாளர் போன் செய்தார். கோர்ட்டில் தண்ணீர் நிற்கிறது என்று புகார். அது நிற்பதற்காகத்தான் அந்த இடமே என்று விளக்கினேன். அவர் கேட்டார்: “தண்ணி நிக்கட்டும், சரி. உள்ள கெளுத்தி மீனெல்லாம் சுத்துதே, கிளப் மெம்பர் அல்லாதவங்கள யாரு சார் உள்ள வுட்டது?”

தோப்புத் தெரு

மூன்றாம் நாள் மத்தியானம் மழை கொஞ்சம் விட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு தோப்புத் தெருவுக்குப் போனேன். தெருமுனையில் ஓடை கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் தாண்டவில்லை. தெருவில் சேறு இருந்தது, வெள்ளம் இல்லை. யாராவது ஓடிவந்து ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். மனுஷன்தானே.

தெருவே என்மேல் கோபமாக இருந்தது. வருஷா வருஷம் செய்கிறபடி, முதல் மழைக்கே அரிசி, பாத்திரம், பாய், கோழிக்கூண்டு எல்லாவற்றையும் பரண்மேல் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு நாளாகச் சமையல் இல்லை, வெறும் பொரி. அஞ்சலை புதுச் சுவரில் சாய்ந்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பும் பரண்மேல்தான் இருந்தது. “எல்லாத்தையும் மேல ஏத்திட்டுக் குந்திகினு இருக்கோம். வர்றதுன்னா வந்து தொலையட்டும், இல்லன்னா வராதுன்னு ஒருத்தராச்சும் சொல்லுங்க” என்றாள்.

நான் தெருமுனைக்குத் திரும்பிப் போய் ஓடையைப் பார்த்தேன். கரையில் தெருக்காரர்கள் காலையில் நட்டு வைத்த குச்சியில் தண்ணீர் நாலு விரல் இறங்கியிருந்தது. மேகமும் கலைந்துகொண்டிருந்தது. என்றாலும் சொன்ன பிறகு தண்ணீர் வந்துவிட்டால், அந்தத் தெருவில் நான் எப்படி முகம் காட்டுவது? திரும்பி வந்து, இறக்கிவிடு என்றேன். அவள் எழுந்திருக்காமல் என் முகத்தையே பார்த்தாள். “இத ஆபீஸு சொல்லுதா, நீங்க சொல்றீங்களா?” என்று கேட்டாள். நான்தான் சொல்கிறேன், ஆபீஸுக்கு இன்னும் தெரியாது என்றேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து, பரணுக்குக் கையை நீட்டியபடி சொன்னாள்: “அப்படின்னா எறக்கிடறேன். நீங்களும் இருந்து ரெண்டு வாய் சாப்புட்டுட்டுப் போங்க, தண்ணி வந்துச்சுன்னா சேந்தே நனையலாம்.”

தண்ணீர் தெருவுக்குள் வரவில்லை. ஆற்றைச் சீர்செய்கிற வேலையில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வேலை சரியாக நடந்திருந்தால் பெருமழை வந்த அன்றைக்கு ஒன்றுமே நடக்காது, அந்த ஒன்றுமே நடக்காததைத்தான் நாம் செய்தோம் என்று யாரிடமும் நிரூபிக்கவும் முடியாது.